கண்ட முகம் மறவாதார்

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் நிற்கும் முதியவர் ஒருவர், யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியாலும் சிதறிப்போய்ப் பல வருஷங்களின் பின் ஊர் திரும்பும் வாலிபனை ஏற இறங்கப் பார்த்து, “மனே, நீ கதிர்காமத்தம்பிட பேரன்தானே?” என்று கேட்பது எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் அதிசயமன்று. ஆனால் அங்கே முகத்தோடு நடையும் குரலும் குடும்பச் சாயலும் சேர்ந்து அவருக்குத் துணைபோகின்றன.

அத்துணைகள் ஏதுமின்றி, எப்போதோ எதிர்ப்பட்ட அந்நியரையும் முகத்தை மட்டுமே கொண்டு இனங்காணும் சிலர் உலகில் உண்டென்பதை ரிச்சர்ட் ரசல், பிராட் டுஷேன், கென் நாகயாமா என்னும் மூவர் 2009இல் எடுத்துரைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்கள் நால்வரே. பிற்காலத்தில் பிரசித்தி பெற்றவர்களின் பால்யப் படங்களைக் காட்டி யாரென்று வினவியபோதும், மயிர் தெரியாதபடி வெட்டிய முகங்களைக் காட்டியபோதும், அந்நால்வரும் சாதாரண மனிதரை வெகுவாக விஞ்சினர். பிறவியிலேயே முகமறதி உள்ளவர்கள் சராசரிக்கு எவ்வளவு கீழே நிற்கிறார்களோ, ஏறக்குறைய அவ்வளவு மேலே இவர்கள் நின்றனர். அவர்களுள் ஒரு பெண்மணி, ஐந்து வருஷங்களுக்கு முன் வேறொரு நகரத்தின் உணவுச்சாலையில் தமக்குப் பரிமாறியவளைத் தெருவிலே கண்டு அடையாளம் சொன்னாராம். இப்படியெல்லாம் ஞாபகம் வைத்திருந்தால் பிறர் தம்மைச் சந்தேகிப்பார்கள் என்று அஞ்சி, தெரிந்த முகத்தையும் தெரியாததுபோல் பாவனை செய்ய வேண்டியிருப்பது இத்தகையோருக்குள்ள விசித்திரமான சங்கடம்.

இது பயிற்சியால் வருவதன்று. பெரும்பாலும் பிறவிச் சொத்து. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் முகங்களை நினைவில் வைக்கும் சோதனையில் ஒருவரையொருவர் ஒத்திருந்த அளவு, மற்ற இரட்டையரிடம் காணப்பட்டதைப் பார்க்கிலும் இருமடங்குக்கு மேற்பட்டதென்று 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கண், மூக்கு என்று தனித்தனியே கணக்கெடாமல், முகத்தை ஒரே முழுமையாகக் கொள்ளுவதே இதன் சூட்சுமம் போலும். ஏனெனில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால், இவர்களுடைய அனுகூலம் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

லண்டன் பொலிஸார் இத்திறமையைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டனர். 2011 ஓகஸ்ட் கலவரத்தின்பின், கமராக்களில் பதிவான உருவங்களைப் பார்த்து, கெரி கொலின்ஸ் என்ற ஒரே உத்தியோகத்தர் சுமார் 180 பேரை இனங்காட்டினார். அவர்களுள் ஒருவன் தொப்பியை இழுத்துவிட்டு, வாயையும் மூக்கையும் துணியால் மறைத்திருந்தான்; அவன் கண்களே அவருக்குப் போதுமாயிருந்தன.

யுத்தகாலச் சுற்றிவளைப்புக்களின்போது, சந்தேகநபரென்று தலையசைத்துக் காட்டிக்கொடுக்கும் முகமூடியிட்ட ‘தலையாட்டி’யின் முன்னால் வரிசையில் நின்ற மட்டக்களப்பு வாசகர்களுக்கு இச்செய்தி முழு மகிழ்ச்சி தராதென்பதை நான் அறிவேன். அங்கே தலையசைத்தது அபூர்வ ஞாபகசக்தியன்று, பெரும்பாலும் அச்சமே. எனினும், இனங்காட்டியவர் யார், எதைக்கொண்டு காட்டினார் என்று எவரும் கேட்க முடியாத நிலையில், கூர்மையான கண்ணுக்கும் பயந்த கண்ணுக்கும் பேதம் காண வழியில்லை. அபூர்வத் திறமையுடையோரும் இடையிடையே தவறுவதுண்டு. ஆகவே, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிச் சட்டக்கோவையின்கீழ் அடையாள அணிவகுப்பு நீதிவான் முன்னிலையில் நடத்தப்படுவதை வெறும் சம்பிரதாயமென்று நான் கருதமாட்டேன்.