பிள்ளை வளரும் வீடு – 17: கீரிப்பூச்சி வந்தால் வீட்டுக்கே மருந்து

சென்ற வாரம் தலைப்பேன் பற்றிப் பார்த்தோம். பேனைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டே பார்த்துவிடுவார்கள். இந்த வாரத்து விஷயம் அப்படியில்லை. சளி, இருமல், சாப்பாட்டில் அடம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு கதவுவரை போன அம்மா, திரும்பி வருவார். குரலைத் தாழ்த்தி, “டாக்டர், ராத்திரியானா இவனுக்குப் பின்னாடியே கை போகுது. சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்” என்பார். அவர் கிளம்பி வந்ததே அதைச் சொல்லத்தான்.

கீரிப்பூச்சிக்கு இந்தக் கூச்சம்தான் பெரிய துணை. வெளியே தெரியக் கூடாது என்று அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் மாத்திரையைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். நாலு நாளில் அரிப்பு நிற்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி ஆரம்பிக்கிறது. “மருந்து கேக்கலை டாக்டர், வேற எழுதிக் குடுங்க” என்று வந்து நிற்கிறோம். மருந்தெல்லாம் நன்றாகவே கேட்டது. பிள்ளையின் வயிற்றில் இருந்த புழு செத்தது; வீட்டில் இருந்த முட்டை சாகவில்லை. இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை மொத்த வீடும் ஒரே நோயாளி என்று நினைத்து வைத்தியம் பார்த்தால்தான் முடிவு கிடைக்கும்.

ராத்திரிக் கணக்கு

கீரிப்பூச்சி வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். பெண் புழுவின் நீளம் 8 முதல் 13 மில்லிமீட்டர். ஆண் புழு அதில் பாதிகூட இருக்காது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம், குடல்வாலை ஒட்டிய பகுதி, அதன் இருப்பிடம். மனிதக் குடலைத் தவிர இதற்கு வேறு வீடு கிடையாது. ஆகவே வளர்க்கிற நாயையும் பூனையையும் சந்தேகப்பட வேண்டாம்.

பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும், முட்டை நிறைந்த பெண் புழு இறங்கிவந்து, ஆசனவாய்க்கு வெளியே தோல் மடிப்புகளில் முட்டையிடும். ஒரு புழு சுமார் 10,000 முட்டை வரை இடும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அது ஊர்வதும், முட்டையைத் தோலில் ஒட்டவைக்கும் பசையும் சேர்ந்துதான் அந்த அரிப்பு. பிள்ளை தூக்கத்திலேயே சொறியும். முட்டைகள் நக இடுக்கில் ஏறிக்கொள்ளும். உடல் சூட்டில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அவை அடுத்தவருக்குத் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் படுத்த பிள்ளைக்கு நள்ளிரவு வாக்கில் முட்டை. காலை ஆறு மணிக்கு அது எழுந்து, அரைத்தூக்கத்தில் கட்டைவிரலைச் சூப்பும்போது முட்டை தயார். வாய் வழியே போன முட்டை சிறுகுடலில் பொரித்து, புழுவாகி, ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் தானும் முட்டையிட இறங்கிவரும். வளர்ந்த புழு இரண்டு மாதம் போலத்தான் உயிரோடிருக்கும். புதிதாக ஒரு முட்டைகூட வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால், மருந்தே இல்லாமலும் இந்தத் தொல்லை ஓய்ந்துவிடும். ஓயவிடாமல் வைத்திருப்பது நம் விரல்கள்.

ஒரு பாய், ஒரு போர்வை

முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஜட்டி, போர்வை, தலையணை உறை, பொம்மை, குழாய்த் திருகு, கக்கூஸ் கதவுக் கொண்டி என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதமும் நிழலும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். காலையில் போர்வையைப் படபடவென்று உதறினால் தூசியோடு பறந்து தரையிலும் தட்டிலும் விழும்.

நம் வீடுகளில் ஹாலில் வரிசையாகப் பாய் விரித்து எல்லோரும் படுக்கிறோம். ஒரே போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குக் கால் கழுவிவிட்ட அம்மா, கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, பெரியவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறார். இப்படித்தான் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் போகிறது. பலருக்கு அரிப்பே இருக்காது. ஆனாலும் முட்டை பரப்பிக்கொண்டிருப்பார்கள். “எனக்கு ஒண்ணுமில்லையே” என்று மாத்திரையை ஒதுக்குகிற அப்பாவும் பாட்டியும் கவனிக்க வேண்டிய இடம் இது.

பார்ப்பது எப்படி?

பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து, பிட்டத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அசைகிற வெள்ளைப் புழு கண்ணில் படும். ஒருநாள் படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அடுத்தடுத்த இரவுகளிலும் பாருங்கள்.

இன்னொரு வழி, செல்லோ டேப். காலையில் எழுந்ததும், குளிக்கும் முன், கழிப்பறை போகும் முன், ஆசனவாயைச் சுற்றி டேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஆய்வகத்தில் கொடுத்தால் நுண்ணோக்கியில் முட்டை தெரியும். ஒரே நாள் எடுத்தால் பாதிப் பேருக்குத்தான் பிடிபடும். தொடர்ந்து மூன்று நாள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிடும். மலப் பரிசோதனையை நம்பி இருக்காதீர்கள். முட்டை வெளியே தோலில் இருக்கிறது. மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ‘மோஷன் டெஸ்ட் நார்மல்’ என்ற ரிப்போர்ட்டோடு பல வீடுகளில் பூச்சி நிம்மதியாக இருக்கிறது.

இரண்டு தவணை மாத்திரை

நம் ஊரில் அதிகம் கொடுப்பது அல்பெண்டசோல். இரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் 400 மில்லிகிராம், ஒரே வேளை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதாவது பாதி மாத்திரை. சிரப் ஆகவும் கிடைக்கிறது. மாத்திரையை மென்று சாப்பிடச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துக் கொடுங்கள், முழுதாக விழுங்கவைத்தால் தொண்டையில் சிக்கும். மெபெண்டசோல், பைரன்டெல் ஆகியவையும் உண்டு. உங்கள் வீட்டுக்கு எது என்று மருத்துவர் சொல்லட்டும்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு விதிகள் மாறாது. ஒன்று, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். இரண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு தவணை. மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லும். முட்டையை அவ்வளவாகத் தொடாது. முதல் தவணைக்குத் தப்பிய முட்டையிலிருந்து வந்த புழு, தான் முட்டையிடும் பருவத்தை எட்டும் முன்பே இரண்டாவது தவணை அதைப் பிடித்துவிடும். அரிப்பு நின்றுவிட்டதே என்று பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், வலிப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மருந்து எடுக்க முடியாதவர்கள் சுத்தத்தை மட்டும் நம்ப வேண்டும். அதற்கு ஆறு வாரம் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். மருந்தும் சேர்ந்தால் இரண்டு வாரம் போதும்.

அந்த இரண்டு வாரம்

வேலை மலைப்பாகத் தெரியலாம். முக்கியமானவை கொஞ்சம்தான்.

காலை எழுந்ததும் முதல் வேலை, பிள்ளைக்கு நன்றாகக் கால் கழுவிவிட்டுக் குளிப்பாட்டுவது. பாலும் பிஸ்கட்டும் அதற்குப் பிறகு. இரவு இட்ட முட்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரு குளியலில் போய்விடும். மாலைக் குளியல் இதற்கு ஈடாகாது.

எல்லோருக்கும் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கழிப்பறை போய்வந்த பிறகும், கால் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்னும், ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டு நக இடுக்குவரை தேய்த்துக் கழுவுங்கள். சானிட்டைசர் இந்த முட்டையைக் கொல்லாது. தேய்த்துக் கழுவித்தான் அகற்ற வேண்டும்.

இரவில் உடம்போடு ஒட்டிய பருத்தி ஜட்டி போட்டுப் படுக்கவையுங்கள். வெறும் உடம்போடு தூங்கினால் விரல் நேரே போகும். காலையில் அதைக் கழற்றி, உதறாமல் வாளியில் போட்டுச் சுடுதண்ணீரில் துவையுங்கள்.

மருந்து கொடுத்த அன்றே படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, துவைக்கக்கூடிய பொம்மை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். பாயையும் மெத்தையையும் மொட்டை மாடியில் வெயிலில் போடுங்கள். வெயிலும் வறட்சியும் முட்டைக்கு ஆகாது. நமக்கு அது இரண்டும் இலவசம். தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பல் துலக்கும் பிரஷை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். கழிப்பறைக்குள் திறந்து வைக்க வேண்டாம்.

வீட்டையே கிருமிநாசினியால் குளிப்பாட்டத் தேவையில்லை. அவற்றில் பலவும் இந்த முட்டை ஓட்டைத் துளைப்பதில்லை.

பாட்டி சொன்னதில் எது சரி?

“இனிப்பு தின்னா பூச்சி வெக்கும்” என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. சர்க்கரையிலிருந்து புழு பிறக்காது. முட்டை உள்ளே போனால்தான் வரும். மிட்டாயைக் குறைப்பது பல்லுக்கு நல்லது, அவ்வளவுதான்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி என்பார்கள். இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கன்னத்தில் மங்கிய வெள்ளைத் திட்டு வந்தாலும் பூச்சி மருந்து வாங்க ஓடுகிறோம். அது பெரும்பாலும் வறண்ட சருமத்தில் வருகிற ஒரு தோல் மாற்றம்; வெயிலில் ஆடும் பிள்ளைகளிடம் எடுப்பாகத் தெரியும். குடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போகவைப்பது ஒரு காலத்தில் வழக்கம். சின்னப் பிள்ளைக்கு அதனால் நீர்ச்சத்துதான் வற்றும். முட்டை விரிப்பில் அப்படியே இருக்கும். சுண்டைக்காய் வற்றலும் பாகற்காயும் வேப்பங்கொழுந்தும் சாப்பாட்டில் சேர்வதில் தடையில்லை. ஆனால் இரண்டு தவணை மருந்துக்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ள முடியாது.

பாட்டி சொன்னதில் சரியானவை இரண்டு: விடிந்ததும் குளிப்பாட்டு, பாயை வெயிலில் போடு.

பள்ளியில் கொடுத்தார்களே?

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி, 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், தவறாமல் சாப்பிடவையுங்கள். ஆனால் அதன் குறி, மண் வழியாகப் பரவி இரத்தசோகையும் சத்துக்குறைவும் உண்டாக்கும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றின் மேல். அவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற இடைவெளி பொருந்தும். கீரிப்பூச்சி மண்ணுக்குப் போவதே இல்லை. விரலிலிருந்து வாய்க்கு வருகிறது. பள்ளியில் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்த பிள்ளை, அன்றிரவு மாத்திரை சாப்பிடாத தம்பியோடும் பாட்டியோடும் அதே பாயில் படுக்கிறது.

அசிங்கம் ஒன்றுமில்லை

இது ஏழை வீட்டு நோயோ, சுத்தமில்லாத வீட்டு நோயோ இல்லை. அமெரிக்காவில் இன்று அதிகம் காணப்படும் புழுத் தொற்று இதுதான். அந்நாட்டின் யூட்டா மாநிலத்துக் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டு பழைய மனித மலத்தில்கூட இதன் முட்டை இருந்திருக்கிறது. விரல் சூப்புகிற வயதில் பிள்ளைகள் கூட்டமாக இருக்கிற இடத்தில் எல்லாம் இது வரும்.

ஆகவே “சீ, கையை எடு” என்று பிள்ளையை அதட்டாதீர்கள். அதட்டினால் மறைக்கக் கற்றுக்கொள்ளும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் மெதுவாக விசாரியுங்கள். புழு ஆசனவாயிலிருந்து முன்பக்கம் நகர்ந்துவிடுவதுண்டு. பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று அது வெளிப்படும். வெட்கத்தில் சொல்லாமல் நாள்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் சிறுமிகள் இருக்கிறார்கள். இந்த அறிகுறி இருந்தாலோ, சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்தாலோ, இரண்டு தவணைக்குப் பிறகும் புழு தெரிந்தாலோ மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மலத்தில் இரத்தம், எடை இறக்கம், வெளுத்த முகம் என்றால் கீரிப்பூச்சியின் மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். காரணம் வேறாக இருக்கும்.

அடுத்த வீட்டிலும், சேர்ந்து விளையாடும் பிள்ளைகளின் பெற்றோரிடமும், பள்ளி மிஸ்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பேன் என்றால் சொல்வீர்கள்தானே? அதே குரலில் சொன்னால் போதும். கேட்கிற அம்மாவும், “எங்க வீட்லயும் இருக்குங்க” என்று சொல்லக்கூடும்.

கடைசியாக ஒன்று. முதல் தவணை கொடுத்த கையோடு, நாட்காட்டியில் 14 தாள் தள்ளி, ‘எல்லாருக்கும் மாத்திரை’ என்று எழுதிவையுங்கள். தினமும் தாள் கிழிக்கிற வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு யார் மறந்தாலும் அது மறக்காது.

(அடுத்த வாரம்: ஐந்து வயதாகியும் படுக்கையை நனைக்கிறதா? கீரிப்பூச்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். மற்றவை என்னென்ன?)