கவுண்டருக்கு இந்தப் பக்கம் – 6
"ஹட்டனில எங்க?"

"எந்த ஊர்?" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் "ஹட்டன்" என்பார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் அதோடு விடமாட்டார்கள். "ஹட்டனில எங்க?" என்று அடுத்தது வரும். கொழும்பில் துணிக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் சலூனிலும் நிற்கிற மலையகப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த இரண்டாவது கேள்வி பழக்கம். அது ஊர் விசாரிப்பதற்கல்ல, டவுனா தோட்டமா என்று பிரித்துப் பார்ப்பதற்கு.

வேலைக்குச் சேர்கிற விதத்தைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அண்ணன் முறையான ஒருவர் முதலாளியிடம் சொல்லி வைப்பார். போடிங் அறையில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகப் படுத்துக்கொள்ள வேண்டும். வேலை நேரத்தில் காதில் விழுகிறவை பற்றி இந்த வாரம்.

றொசல்லயிலிருந்து தொடங்குகிறேன். அது வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன். மழைக்குக் குறைவில்லாத இடம். 1884இல் ஹட்டன் வரை ரயில் வந்தது தோட்டத்து விளைச்சலைக் கொழும்புக்கு இறக்கத்தான். இப்போது அதே பாதையில் ஓ/எல் எழுதி முடித்த பிள்ளைகளும் இறங்குகிறார்கள். தோட்டத்து நாள் சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாய்க்கு வரவே எத்தனை போராட்டம்! 2024இல் 1,350 ஆனது. அட்டைக்கடியோடு கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, தராசு முன்னால் அம்மா நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, என்ன ஆனாலும் கடை வேலைதான் என்று தீர்மானிப்பதில் ஆச்சரியம் இல்லை. கடையில் மழை இல்லை, அட்டை இல்லை. வாய் இருக்கிறது.

றொசல்லப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கொழும்பில் ஒரு துணிக்கடையில் சாரிப் பகுதியில் நிற்கிறாள். வீட்டில் "ஆமா" என்பவள், கடையில் "ஓம் அன்ரி" என்று பேசப் பழகிவிட்டாள். ஒரு நாள் ஓர் அம்மாவும் அவருடைய தங்கையும் கல்யாணக் கூறை பார்க்க வந்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டை விரித்துக் காட்டியாயிற்று. பார்டர் பிடிக்கவில்லை, கரை பெரிது, சிவப்பு கொஞ்சம் கூட. அதற்கிடையில் பேச்சு.

"பிள்ளை எந்த இடம்?"

"ஹட்டன் அன்ரி."

"ஹட்டனில எங்க?"

"றொசல்ல."

"தோட்டமோ?"

"ஓம்."

அம்மா முந்தானையைத் தடவிக்கொண்டே தங்கையிடம் திரும்பினார். "தோட்டக்காட்டுப் பிள்ளை. இதுக்குக் கூறையைப் பற்றி என்ன தெரியும்? வேற ஆளைக் கூப்பிடச் சொல்லு." குரலைத் தாழ்த்தவும் இல்லை. விரித்த சாரிகளின் மறுபக்கம்தான் அவள் நின்றாள்.

கூப்பிட்டதும் வந்த மற்றப் பிள்ளை பொகவந்தலாவை, அதுவும் தேயிலைத் தோட்டத்துப் பக்கம்தான். அவளிடம் ஊர் கேட்கவில்லை. முதலாமவள் எடுத்துப் போட்டிருந்த குவியலிலிருந்தே ஒன்றை அவள் தூக்கிக் காட்ட, கூறை விற்றது. கொமிஷன் பொகவந்தலாவையின் பெயரில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே போடிங். இரவு அதைச் சொல்லிச் சிரித்தார்களாம். "சிரிச்சோம்தான் அண்ணே, ஆனா அந்த மாசம் எனக்கு அறுநூறு ரூவா கொறைஞ்சிச்சு" என்றாள்.

அந்த அறுநூறைக் கவனியுங்கள். கஸ்டமரின் ஏளனத்தை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பேசுவது நமக்கு வழக்கம். அதற்குச் சம்பளத்தில் வெட்டு இருக்கிறது.

சிங்களக் கஸ்டமரிடமிருந்து வருவது வேறு மாதிரி. சுப்பர் மார்க்கெட்டில் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு அடுத்த வரிசைக்கு மாறுகிறவர்கள் உண்டு. 'மல்லி' (தம்பி), 'நங்கி' (தங்கச்சி) என்று வாய் நிறையக் கூப்பிட்டு, பிழையான சிங்களத்தைத் திருத்திக் கொடுக்கிறவர்களும் உண்டு. பங்களாக்களை ஹோட்டல்களாக்கிய தோட்டங்களில் வெளிநாட்டுக்காரர்கள் பரிமாறுகிற பையனைப் பார்த்து, ஒன்றுமே இல்லாமலும் நீங்கள் எல்லோரும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று வியப்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? தேத்தண்ணி ஊற்றுவதுதான். நான் பேசிய பிள்ளைகள் அநேகமாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: தமிழில் வருவதுதான் அதிகம் சுடுகிறது. பிறத்தியான் சொல்வதை எதிர்பார்த்து நிற்கலாம். நம் பாஷையில் வருவதற்கு யார் தயாராக நிற்பது?

'இந்தியாவுக்கு எப்ப போறீங்க?' என்ற கிண்டலும் கடை வாசலில் பிறந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைக்கு 2003 வரை சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பாராளுமன்றமே அப்படிப் பேசிய நாட்டில், சாரி வாங்க வந்த அம்மாவை மட்டும் குற்றம் சொல்லி என்ன?

பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறவர்களே அதிகம். சாப்பாட்டுக் கடையில் நிற்கிற ஒரு தம்பியின் வழி எனக்குப் பிடித்திருந்தது. மரியாதையாக, "சேர், என்ன சொன்னீங்க? விளங்கல, இன்னொருக்கா சொல்லுங்க" என்பானாம். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்க்கிற நேரத்தில் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல அநேகம் பேருக்கு வாய் வராது. சரி, பிளேன்டீ ஒண்டு, என்று முடித்துவிடுவார்கள். ஆனால் முதலாளி பக்கத்தில் இருந்தால் இந்த வித்தை எடுபடாது, "கஸ்டமரோட என்னடா வாய்?" என்று இவனுக்குத்தான் விழும். விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர், முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதே ஓர் உழைப்பு என்று 1983இல் புத்தகம் எழுதினார். எந்தக் கடைச் சம்பளச் சீட்டிலும் அந்த உழைப்புக்கென்று ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கப்போனால் வேடிக்கையாக இருக்கிறது. அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை கடைகளையும் பொது உணவகங்களையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக அங்கே நுழைய எவருக்கும் தடை கூடாது. அதற்கு முன்பே, சாதியின் பேரால் இப்படித் தடுப்பதைக் குற்றமாக்கி 1957இல் ஒரு சட்டம் வந்தது. வந்தும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் உட்கார்ந்து குடிக்க ஒடுக்கப்பட்ட சாதியினர் அறுபதுகளின் பிற்பகுதியில் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. அந்தத் தேயிலை எங்கிருந்து போனது என்பது இன்னொரு தொடருக்கான விஷயம். ஆக, உள்ளே வருகிறவருக்குக் காவல் இருக்கிறது. உள்ளே நிற்கிறவருக்கு? அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், கஸ்டமரின் நாக்கு அதற்குள் வராது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரம், லீவு, சம்பளம் என்று பேசுகிறது. வசவைப் பற்றிப் பேசவில்லை.

பிரித்தானியாவில் இது நீதிமன்றம் வரை போன கதை. 1994இல் டெர்பி நகர ஹோட்டல் ஒன்றில் ஒரு விருந்து. பேர்னாட் மானிங் என்ற நகைச்சுவைக்காரர் மேடையில். மேசைகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்த இரண்டு கறுப்பினப் பணிப்பெண்களைக் குறிவைத்து இனக் கிண்டல். விருந்தினர் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் ஹோட்டல் மீது வழக்குப் போட்டார்கள். 1996இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. மானிங் எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருந்தும், பேச்சு எல்லை மீறினால் அந்தப் பெண்களை வெளியே எடுங்கள் என்று உதவி மெனேஜர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்காதது நிர்வாகத்தின் குற்றம் என்றது. 2003இல் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை ஏற்கவில்லை. முதலாளியின் அந்தப் பொறுப்பை 2010இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், 2013இல் நீக்கினார்கள், இப்போது மறுபடி கொண்டுவருகிறார்கள். சட்டம் அங்கேயும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது அந்த 1996 யோசனைதான். கஸ்டமரின் வாயை முதலாளியால் பூட்ட முடியாது. பிள்ளையை அங்கிருந்து எடுக்க முடியும், "இப்படிப் பேச வேண்டாம்" என்று தானே வந்து சொல்ல முடியும், விரித்துக் காட்டியவள் பெயரிலேயே கொமிஷனை எழுத முடியும். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2019இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயமும், வெளியாட்களிடமிருந்து ஊழியருக்கு வரும் தொல்லையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

நம் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். சம்பள நாளில் ஹட்டன் டவுனுக்குப் போய்ப் பாருங்கள். லயத்து ஆட்கள் காசை நீட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வந்த கிளாக்கர் ஐயாவுக்குச் சாமான் முதலில் கட்டுப்படும். முடிவெட்டுகிற பையனை எந்தச் சாதி என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்கிறவர்களும் நம்மவர்கள்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரங்கள், துணிக்கடைகள் தற்காலிகமாகப் பிள்ளைகளைச் சேர்க்கிற நேரம், றொசல்லயிலிருந்தும் போவார்கள். முதலாளிமாரே, "எங்கள் ஊழியரை இழிவாகப் பேசுகிறவருக்கு இங்கே வியாபாரம் இல்லை" என்று மூன்று மொழியிலும் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வாங்க வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளை "ஹட்டன்" என்றதும், அடுத்ததாகச் சாரியின் விலையைக் கேளுங்கள்.

(தொடரும்)