இரண்டு விநாடியில் எழும் வீடு: தெரியுமா?

மலையகத்தில் ஹட்டன் பக்கத்து றொசல்லயில் ஒரு குடும்பக் கூடாரத்தை விரித்து ஓராண்டு அப்படியே விட்டுவைத்தால் அதன் தலையில் எவ்வளவு தண்ணீர் விழும், தெரியுமா? ரயில் பாதையில் றொசல்லக்குக் கீழே இருக்கும் வட்டவளை, இலங்கையிலேயே அதிக மழை காணும் இடங்களில் ஒன்று. அங்கே ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சரியாக ஒரு லீற்றர். அதே மழையை மூன்று மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் உள்ள கூடாரத்தின் மேல் கொட்டிப் பாருங்கள்: 45,000 லீற்றர்! ஒரே இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால்கூட 450 லீற்றர். பிள்ளைகளோடு காசல்ரீ நீர்த்தேக்க ஓரத்திலோ மவுசாகலைப் பக்கமோ ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறவர்கள் கூடாரம் வாங்கப் போகும்போது இந்தக் கணக்கோடுதான் கடைக்குள் நுழைய வேண்டும்.

வீசி எறிந்தால் தானே விரியும் கூடாரம் உண்டு, தெரியுமா? பிரான்சின் டெகத்லோன் நிறுவனம் 2005இல் கெச்சுவா என்ற பெயரில் கொண்டுவந்த கூடாரத்துக்குப் பெயரே ‘2 செக்கன்ட்ஸ்’. மந்திரமில்லை, வில்லின் விசைதான்! துணியின் ஓரத்துக்குள் வளையும் கம்பி ஒன்று வட்டமாக ஓடுகிறது. மடித்தால் அடங்கியிருக்கும், விட்டால் பாயும். அந்த வளையத்தை முறுக்கி மடித்தால் அது இரண்டு சுற்றாக அடங்காது, மூன்று சுற்றாகத்தான் அடங்கும் என்பது தெரியுமா? ஏன் அப்படி என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, 2012இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ ஆய்விதழில் கட்டுரையே எழுதினார்கள்! விரிக்க இரண்டு விநாடி, மடிக்க ஒரு மணி நேரம் என்று புலம்பும் அப்பாக்களே, நீங்கள் மல்லுக்கட்டுவது பௌதிகவியலோடு. வாங்கிய அன்றே வீட்டு வாசலில் பல தடவை மடித்துப் பழகிவிடுங்கள்.

வேகக் கூடாரம் ஒரே வகையல்ல. குடை மாதிரி நடுவில் பிடித்து இழுத்தால் கால்கள் விரியும் வகை ஒன்று. பம்ப் அடித்தால் குழாய்களில் காற்று ஏறி எழுந்து நிற்கும் வகை இன்னொன்று. கம்பி வளையக் கூடாரம் மடித்தாலும் அகன்ற வட்டத் தட்டாகத்தான் இருக்கும். ஹட்டன் பஸ்ஸில் நிற்கவே இடமில்லாத நாளில் அதை எங்கே வைப்பது? காற்றுக் கூடாரம் பாரம், கார் இருப்பவர்களுக்குத்தான் சரி. குடை வகை நீளமாக மடியும், ரயில் பெட்டியில் தலைக்கு மேலுள்ள தட்டில் போகும். நம் மலைக்கு என் ஓட்டு அதற்கே.

ஆனால் விநாடிக் கணக்கைவிட முக்கியமான ஒன்றைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதில்லை, தெரியுமா? எது முதலில் எழுகிறது என்பதுதான் அது! மலிவான கூடாரங்கள் பலவற்றில் முதலில் வலை வைத்த உட்கூடு எழும். அதன் மேல்தான் மழைத்துணியைப் போர்த்த வேண்டும். சென்னையின் கோடையில் பரவாயில்லை. றொசல்லயில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேட்டுப் பக்கமிருந்து மழை இறங்கிவிடும். மழைத்துணியைத் தேடி எடுப்பதற்குள் உள்ளே குளம். மழைத்துணி முதலில் எழும் கூடாரம், அல்லது இரண்டும் சேர்ந்தே எழும் கூடாரம்: கடையில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விநாடி இரண்டானாலும் சரி, ஐந்து நிமிடமானாலும் சரி, பிள்ளை படுக்கும் தரை நனையாமல் எழுகிற கூடாரமே வேகமான கூடாரம்!

துணியில் 1,500, 3,000 என்று போட்டிருக்கிறதே, அது என்ன தெரியுமா? துணியின் மேல் அத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால்தான் மறுபக்கம் துளி எட்டிப் பார்க்கும் என்று பொருள். 3,000 என்றால் மூன்று மீற்றர் உயரத் தண்ணீர்! நம் பக்கத்துக் கூரைக்கு அதற்குக் குறைய வேண்டாம். தரைக்கு 5,000 கேளுங்கள், ஏனென்றால் முழங்கால் ஊன்றும் இடத்தில் ஈரமண்ணிலிருந்து தண்ணீர் மேலே அழுத்தும். தையல் ஓரங்களில் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

வில்லையே கம்பாக ஊன்றிக் கூடாரம் கட்டினார்கள் நம் முன்னோர், தெரியுமா? பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையில் வீரர்கள் வில்லை நட்டு, அம்பறாத்தூணியை அதில் தொங்கவிட்டு, கயிறு இழுத்து இருப்பிடம் கட்டுகிறார்கள். ஆயுதமே அன்று கூடாரக் கம்பு!

துணியிலும் பழைய சூட்சுமம் உண்டு. பாலைவனத்துப் பெதுவின் மக்களின் கூடாரம் ஆட்டு மயிரில் நெய்தது. மழை பட்டால் நூல் உப்பி, இடைவெளி தானே அடைபடும். பொலித்தீன் வருமுன் மழையில் கொழுந்தெடுத்தவர்கள் தலையில் போட்டிருந்த கம்பளியும் இதே வித்தைதான்.

மழையே இல்லாத இரவிலும் கூடாரம் உள்ளே நனையும், தெரியுமா? நாலு பேர் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் ஈரம் வெளியேறும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். கொழும்பைவிட ஏறத்தாழ 8 பாகை குளிர். குளிர்ந்த துணியில் அந்த ஈரம் துளியாகிக் கொட்டும். இரட்டைத் துணியும் மேலே காற்று வாயிலும் உள்ளதையே வாங்குங்கள். குளிருக்குப் பயந்து உள்ளே அடுப்போ கரியோ மூட்டவே வேண்டாம். கரியமில வாயு அல்ல, மணமேயில்லாத காபனோரொட்சைட்டு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இடம்? மண்வெட்டு மேட்டின் அடியிலும் ஓடை வாயிலும் ஒருபோதும் வேண்டாம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையே மலை சரிந்து மூடியதை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஐ.நா. அகதிகள் முகவரகம் ஐந்து பேர் குடும்பத்துக்குக் கொடுக்கும் அவசரகாலக் கூடாரத்தின் உள்தரை எவ்வளவு, தெரியுமா? 16 சதுர மீற்றர். நம் பழைய லயக் காம்பரா, 10 அடிக்கு 12 அடி, எவ்வளவு? 11 சதுர மீற்றர் சொச்சம்! வீடிழந்தவருக்கு உலகம் தற்காலிகமாகத் தரும் துணிக் கூடாரத்தைவிடச் சிறிய அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பிறந்து வளர்ந்திருக்கின்றன. ‘நாலு பேர் கூடாரம்’ என்று விற்பது இந்தக் காம்பராவில் பாதியளவுதான். பாய்க்குப் பாய் ஒட்டி, பை வைக்க இடமில்லாமல் போட்ட கணக்கு அது. நாலு பேர் என்றால் ஆறு பேர் அளவை வாங்குங்கள், பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்கட்டும்!

திரும்பி வந்ததும் கூடாரத்தை ஈரத்தோடு கட்டி மூலையில் போட்டால் என்ன ஆகும், தெரியுமா? துணிக்குள் பூசிய பொலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுத்து உரியும், பூஞ்சணமும் ஏறும். மலையில் வெயிலுக்குக் காத்திருந்தால் ஆகாது. அன்றைக்கே கொடி கட்டி, வீட்டுக்குள்ளேயே விரித்து, மடிப்பு மாற்றி மாற்றிக் காயவிடுங்கள்.