கதவோரத்து ரப்பர்

சேஸிஸின் துருவை அகற்றி, பாடியை மீண்டும் அதன்மீது ஏற்றிய கட்டத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். இனிச் சொல்லப்போவது, பழைய காரைப் புனருத்தாரணம் செய்வோரில் பெரும்பாலோர் அற்பமென்று கருதிக் கடைசிவரை ஒத்திவைத்து, முதல் மழையன்று காலடியில் தேங்கிய ஜலத்தைக் கண்டபின் விசாரப்படத் தொடங்குகிற ரப்பர் பீடிங் விஷயம்.

நமது ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது மிக முக்கியமானதற்குச் சரித்திர ரீதியான காரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பாடிகளை அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டபடியால், முழுப் பாடியையும் ஒரே கூடாகச் செய்து தருவாரின்றித் தவித்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிர்வாகத்தார், தனிச் சேஸிஸின்மேல் துண்டு துண்டாகப் பாடியைப் போல்ட்டுகளால் முடுக்கும் முறைக்கே திரும்பி, இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவத்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டை வெளியிட்டனர். துண்டுகள் கூடுமிடங்களிலெல்லாம் நீரைத் தடுக்கும் பொறுப்பு ரப்பரைச் சார்ந்ததாயிற்று. 1961-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி சென்னையில் அதைத் தயாரிக்கத் தொடங்கியபோது அந்த மூட்டுகளும் கூடவே வந்து, நம் ஐப்பசி மழைக்கு ஆட்பட்டன.

இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர் பாக்கியசாலி. டிரையம்ஃப் உதிரிபாகங்களையே தொழிலாகக் கொண்ட வியாபாரிகள் இங்கிலாந்தில் இன்றும் இருப்பதால், முன்கண்ணாடி ரப்பர் முதல் கதவுச் சுற்று பீடிங் வரை, சுங்கவரியைப் பொறுத்துக்கொண்டால், வரவழைத்துவிடலாம். அறுபதுகளின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்ட நான்கு கதவு மார்க் த்ரீ வைத்திருப்பவருக்கோ அந்த மார்க்கம் அடைபட்டிருக்கிறது. பிறந்த நாட்டில் ஹெரால்டுக்கு நான்கு கதவு இருந்ததே இல்லையாதலால், அந்தக் கதவுகளின் அளவுக்கு அங்கே ரப்பர் கேட்பது வீண்.

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால், எப்போதோ வாங்கி விற்காமல் கிடந்த பழைய சரக்கு சில சமயம் அகப்படும். கதவுப் பிடியோ விளக்கு வளையமோ ஆனால் அது புதையல். ரப்பரானால் நான் தொடமாட்டேன். இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி அறுப்பதால், பொட்டலத்தில் பளபளப்பாகத் தோன்றுவது, இழுத்து வளைத்த மாத்திரத்தில் குறுக்கே வெடித்துவிடும். ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரின் பிரதான சங்கிலியில் அவ்வகைப் பிணைப்பு இல்லாமையால் வெயிலுக்கும் ஓசோனுக்கும் அது தாங்கும். ஆனால் பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் உப்பிவிடுமாகையால், பெட்ரோல் டாங்க் மூடிக்கு நைட்ரைல் ரப்பரே தகும்.

ஆகவே கடைசி உபாயம் செய்வித்துக்கொள்வதுதான். அதற்கு ஆதாரம் காரிலிருந்து கழற்றிய பழைய பீடிங். அதை அறுத்தெறிவதில் நம் ஒர்க்ஷாப் பையன்களுக்கு இருக்கிற உற்சாகம் வேறெந்த வேலையிலும் இராது என்பதால், வண்டியை விடும்போதே எச்சரித்து வைப்பது நலம். கதவின் அடிப்பகுதியில் பல்லாண்டுகள் நசுங்கிக் கிடந்த துண்டை விட்டு, மேல் மூலையில் அமுக்கம் குறைந்த இடத்திலிருந்து ஓரங்குலம் வெட்டி, அதன் குறுக்குவெட்டைக் காகிதத்தில் படியெடுத்துக் கொடுத்தால், அம்பத்தூர்ப் பக்கத்துச் சிறு ரப்பர் பட்டறைக்காரர் அதற்கேற்ற டை வெட்டித் தருவார். ஒரு காருக்கு வேண்டிய சில மீட்டருக்காக எவரும் டை வெட்டமாட்டாராதலால், அதே வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் செலவைப் பங்கிட்டுக்கொள்வதே நடைமுறை. உதடு மிருதுவான ஸ்பாஞ்சாகவும், உலோக விளிம்பைக் கவ்வும் அடிப்பாகம் கெட்டியாகவும் இருக்க வேண்டுமென்பதை வற்புறுத்திச் சொல்லாவிட்டால், முழுவதும் கெட்டி ரப்பராகவே வந்துசேரும்.

புது பீடிங் மாட்டியதும் கதவு சாத்த மறுக்கும். உடனே பூட்டுக்கொக்கியை வெளியே தள்ளிவைக்கச் சிலர் முனைவார்கள், வேண்டாம். சில நாட்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்து ரப்பர் படிந்தபின், விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகி மூடி, சுற்றிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி எங்கே உருவி வருகிறதோ அங்கேதான் கீலையோ கொக்கியையோ திருத்த வேண்டும். முன்கண்ணாடியை ரப்பரோடு ஏற்றும் வித்தையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)