18 வாரக் கடிகாரம்

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட தேசிய சுகாதார சேவை வரிப்பணத்தில் நடப்பதால், மருத்துவமனையில் நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் கட்டணம் என்ற தடை இல்லாத இடத்தில் காத்திருப்பே தடையாக அமைந்துவிடுவதை அதன் வரலாறு நெடுகக் காணலாம்.

அங்கு அவசர நோயாளிகளைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் நேரே சிறப்பு மருத்துவரிடம் செல்ல முடியாது. முழங்கால் தேய்ந்த ஒருவர் முதலில் தம் வட்டாரக் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவருடைய பரிந்துரை மருத்துவமனையை அடைந்ததும் ‘கடிகாரம்’ ஓடத் தொடங்குகிறது. எலும்பு மருத்துவரின் ஆலோசனை, ஸ்கேன், மறு ஆலோசனை, அறுவைக்கான தேதி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காத்திருந்தபின், மூட்டு மாற்றப்படும் நாளில்தான் அது நிற்கிறது. இந்தக் காலம் 92 விழுக்காட்டினருக்கு 18 வாரங்களைத் தாண்டக்கூடாது என்பது இங்கிலாந்தின் விதி. எனினும் 2016-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களுக்குப் பிறகு அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. கோவிட் பரவலுக்குச் சற்று முன் ஏறக்குறைய 46 லட்சமாக இருந்த காத்திருப்புப் பட்டியல், 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. முழங்காலுக்கும் கண்புரைக்கும் காத்திருக்கும் ஒரே முதியவர் இதில் இரண்டு பதிவுகளாக எண்ணப்படுவதால், ஆட்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவு என்பதைச் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

மருத்துவர் பற்றாக்குறையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஆயத்தமாக இருக்கும் நாளிலேயே அறுவை தள்ளிவைக்கப்படுவது ஏன் என்பதை அது விளக்காது. அறுவை முடிந்த நோயாளியைக் கிடத்தப் படுக்கை வேண்டும். 1980-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 3 லட்சமாக இருந்த மருத்துவமனைப் படுக்கைகள், மருத்துவமுறை மாறியதாலும் சிக்கனத்தாலும், கோவிட்டுக்கு முன்பே பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றிலும் பல, உடல் தேறியும் வீடு திரும்ப முடியாத முதியோரிடம் இருக்கின்றன. ஏனெனில் அவர்களைக் குளிப்பாட்டி உணவளிக்கும் பராமரிப்புப் பணியாளரை ஏற்பாடு செய்யும் பொறுப்பு மருத்துவமனைக்கு உரியதன்று, நிதி நெருக்கடியில் உள்ள உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியது. மருத்துவமனையின் முன்வாசலில் தெரியும் வரிசையின் ஒரு பகுதி, இவ்வாறு பின்வாசலில் உருவாகிறது.

இலக்குகளால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது: 2000-க்குப் பின் நிதியும் கண்டிப்பான இலக்கும் சேர்ந்து வந்தபோது, அதற்குமுன் ஓராண்டுக்கும் மேல் நீண்டிருந்த காத்திருப்புகள் 2008 இறுதிக்குள் பெரும்பாலும் 18 வாரங்களுக்குள் சுருங்கின. இப்போதைய அரசும் 92 விழுக்காட்டு இலக்கை 2029 மார்ச்சுக்குள் மீண்டும் எட்டுவதாக உறுதியளித்திருக்கிறது. ஆனால் முதியோர் பராமரிப்பைச் சீரமைக்க அமைக்கப்பட்ட ஆணையத்தின் இறுதி அறிக்கைக்கு வைக்கப்பட்டுள்ள கெடு 2028.