நீலகிரித் தோடரும் எருமைக் கோயிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடுமிடத்தில் நீலகிரி எழுந்து நிற்கின்றது. அதன் உச்சிப் பீடபூமி கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரமுடையது. பள்ளங்களிற் சோலையும் மேடுகளிற் புல்வெளியுமாக அமைந்த அந்நிலத்தில் நெடுங்காலமாக எருமை மேய்த்து வாழ்பவர் தோடர். அவர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரமே. எனினும், ரிவேர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1906 இல் அவரைப்பற்றிப் பெருநூலொன்று வெளியிட்ட காலந்தொட்டு, மானிடவியலார் கருத்தை அவர் ஈர்த்து வந்துள்ளனர்.

தோடர் மொழி திராவிட மொழிகளுள் ஒன்று. அவர்தம் ஊரைத் தமிழர் 'மந்து' என்பர். தோடர் தம் ஊரைக் குறிக்க வழங்குஞ் சொல்லைத் தமிழின் 'மன்று' என்பதனோடு அறிஞர் இயைபுபடுத்துவர். அவை கூடுமிடம், ஆநிரை நிற்குமிடம் என்னும் இருபொருளும் பழந்தமிழில் மன்றுக்கு உண்டு. தோடர் ஊரில் இவ்விரண்டனோடு கோயிலும் சேரும். பால் கடையும் மனையே அவர்க்குக் கோயிலாதலின்.

வண்டிக் கூண்டுபோல் வளைந்த கூரையும், தவழ்ந்தே புகத்தக்க சிறு வாயிலும் உடையது அம்மனை. பூசகர் ஒருவரே உள்ளே புகுவர். தோடர் எருமைகளுட் புனிதமானவை, சாதாரணமானவை என இருவகையுண்டு. புனித எருமையின் பாலைக் கறந்தவாறே எவரும் அருந்துதல் கூடாது. பூசகர் அதனைக் கடைந்து மோரும் வெண்ணெயுமாக்கிய பின்னரே அது பொது உணவாகும். உயர்ந்த கோயில்களிற் பாலைத் தொடுங் கலம் வேறு, வெளிக்குச் செல்லுங் கலம் வேறு. இவ்விரண்டும் ஒன்றையொன்று தீண்டாவண்ணம் இடைக்கலம் ஒன்றினால் மாற்றி ஊற்றுவர். புனிதத்தைப் படிப்படியாகக் குறைத்து மக்கள் பயனுக்கு ஏற்றதாக்குதலே இச்சடங்கின் உட்பொருள்.

பிற சடங்குகளும் இவ்வாறே நிலத்தோடும் நிரையோடும் பிணைந்தவை. கருவுற்ற மகளுக்கு ஆடவன் கிளையாலும் புல்லாலும் இயன்ற வில்லும் அம்பும் அளிப்பான். அளித்தவனே பிறக்குங் குழவிக்குத் தந்தையாவான். சகோதரர் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கம் நிலவிய முற்காலத்தில், தந்தை இன்னாரென வரையறுத்தது இச்சடங்கே. இறந்தோர் மறுமையுலகிற் பாலின்றி வருந்தலாகாதென எருமையையும் உடன் அனுப்புதல் ஈமச்சடங்கின் மரபு.

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் உதகமண்டலத்தை நிறுவிய பின்னர் இம்மலையின் தோற்றம் மாறிற்று. தேயிலையும் உருளைக்கிழங்கும் பரவின. தைல மரமும் சீகை மரமும் புல்வெளியை மூடின. 20 ஆம் நூற்றாண்டில் மின்னாக்கத்துக்கென எழுந்த நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. மேய்ச்சல் நிலம் சுருங்க நிரையுஞ் சுருங்கிற்று. கோயிற் கூரை வேய்தற்குரிய புல் சதுப்பு நிலத்தில் வளர்வது, அதுவும் அரிதாயிற்று. தோடர் பலர் உழவை மேற்கொண்டனர். மகளிர் வெண்டுகிலிற் செந்நூலாலும் கருநூலாலும் இயற்றும் பூவேலை 2013 இற் புவிசார் குறியீடு பெற்றது.

பூவேலைக்குக் கிடைத்த இச்சிறப்புப் போற்றத்தக்கதே. ஆயினும், துகிலும் நூலும் எங்கும் கிடைக்கும். எருமைக் கோயிலோ புல்வெளியின்றி நிலைபெறாது. நிரையில்லாத மனையிற் பூசகர் செய்தற்கு ஒன்றுமில்லை. மரபு அழிதற்கு நம்பிக்கை தளர்தல் ஒன்றே காரணமன்று; அது வேரூன்றிய நிலம் அழியினும் மரபு அழியும். ஆதலின், தோடர் மரபைக் காக்க விழைவோர் முதற்கண் காத்தற்குரியது நீலகிரியின் புல்லேயாம்.