‘லை’யும் ‘லே’யும்

இங்கிலீஷ் படிக்கும் நம் பிள்ளைகளைத் திண்டாட வைக்கும் வினைச்சொற்களுள் ‘லை’, ‘லே’ என்னும் ஜோடிக்குத் தனி இடம் உண்டு. தமிழறிந்தவர் இதில் திகைக்க வேண்டியதே இல்லை. குழந்தை தொட்டிலில் கிடக்கிறது, அது ‘லை’. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள், அது ‘லே’. நம் இலக்கணம் சொல்லும் தன்வினை, பிறவினைதான். எழு, எழுப்பு என்பவற்றுக்கு ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இருப்பதும் இவ்வாறே.

பின் சங்கடம் எங்கே? இறந்த காலத்தில்! ‘கிடந்தது’ என்பதற்கும் அவர்கள் ‘லே’ என்றே சொல்லுகிறார்கள். ‘கிடத்தினாள்’ என்பதற்கோ ‘லெய்ட்’. போதாக்குறைக்குப் பொய் சொல்லுதலும் ‘லை’தான்.

ஆங்கிலக் கவி பைரனே 1818-இல் வெளியான ‘சைல்ட் ஹரால்ட்’ நான்காம் காண்டத்தில், ‘லை’ வரவேண்டிய இடத்தில் அடியின் ஓசைக்காக ‘லே’ என்று முடித்துவிட்டார். அவர் புகழ் குறையவில்லை. நம் பையனுக்கு மட்டும், அதே பிழைக்கு, மார்க்கு போவதோடு மடையன் என்ற பட்டமும் கிடைக்கிறது!

சந்தேகம் வந்தால் ‘எதை?’ என்று கேட்கச் சொல்லுங்கள். கோழி நேற்று எதை இட்டது? முட்டையை. ஆகவே ‘லெய்ட்’. அம்முட்டை இரவெல்லாம் கூடையில் கிடந்தது, இங்கே ‘எதை?’ என்ற கேள்விக்கே இடமில்லை. ஆகவே ‘லே’.